நட்டு கழன்ற வண்டி: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

வண்டியைக் கழுவும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும். சைலன்சர் பக்கம் துடைத்துக்கொண்டே போகும் விரல் ஒரு வெற்று ஓட்டையில் போய் நிற்கும். போன வாரம் அங்கே ஒரு போல்ட் இருந்தது. உடனே பழைய போல்ட் டப்பாவைக் கவிழ்த்து, ஏறக்குறைய அதே தடிமனில் ஒன்றைத் தேடி எடுத்து முறுக்கிவிடுகிறோம். பத்து நாளில் அதுவும் போய்விடுகிறது. போகும்போது சில நேரம் ஓட்டைக்குள் வெட்டியிருக்கும் திருகு மரையையும் பிடுங்கிக்கொண்டு போகிறது.

போல்ட் சும்மா கழல்வதில்லை. அதைக் கழற்றிய காரணம் அந்த இடத்திலேயே இருக்கும். தேய்ந்த ரப்பர், வளைந்த பிராக்கெட், தவறான மரை, அளவுக்கு மீறிய முறுக்கு என்று அது எதுவாகவும் இருக்கலாம். அதைப் பார்க்காமல் போல்ட்டை மட்டும் மாற்றினால் வேலை முடிந்ததாகாது. என்னிடம் இருப்பவை இரண்டு வண்டிகள்: பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 ஒன்று, வீட்டில் எல்லோரும் எடுக்கும் ஸ்ப்ளெண்டர் ஒன்று. ஒற்றை சிலிண்டர் அதிர்வில் எது எப்போது கழலும் என்று இரண்டும் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

வண்டியை எடுக்கலாமா, கூடாதா?

முதலில் இதை முடிவு செய்யுங்கள். நம்பர் பிளேட், செயின் கவர், சைடு பேனல் போல்ட் போயிருந்தால் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். ஆனால் முன், பின் ஆக்சில் நட்டு, டிஸ்க் பிரேக் காலிப்பரைப் பிடிக்கும் போல்ட், ஹேண்டில் பார் கிளாம்ப், ஃபோர்க்கை இறுக்கும் போல்ட், பின் ஸ்ப்ராக்கெட் நட்டு, எஞ்சின் மவுண்டிங், பின் பிரேக் தட்டின் டார்க் ஆர்ம் ஆகியவற்றில் ஒன்று லூஸாக இருந்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். "பக்கத்துல தானே, ரெண்டு கிலோமீட்டர்தானே" என்ற பேச்சே வேண்டாம். சைடு ஸ்டாண்ட் போல்ட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது ஸ்டாண்ட் கீழே இறங்கினால், இடது வளைவில் அது தரையில் ஊன்றி வண்டியையே தூக்கிவிடும்.

டார்க் ஆர்மைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் கவனிப்பதில்லை. டிரம் பிரேக் வண்டிகள் பலவற்றில் பின் சக்கரத்தின் பிரேக் ஷூக்களைத் தாங்கும் தட்டு, சக்கரத்தோடு சேர்ந்து சுழலாமல் இருக்க ஒரு நீளப் பட்டை அதை, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மோடு பிடித்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது வரும் திருப்பு விசை முழுவதையும் அந்தப் பட்டையும் அதன் நட்டும்தான் வாங்குகின்றன. பின் சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அந்த நட்டைக் கழற்றியாக வேண்டும். என் ஸ்ப்ளெண்டரில் பஞ்சர் ஒட்டி வந்த மூன்றாம் நாள், செயினுக்கு எண்ணெய் விடக் குனிந்தபோதுதான் பார்த்தேன். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்ப்ளிட் பின் இருக்க வேண்டிய ஓட்டையில் ஒற்றை இழைக் கட்டுக்கம்பி. அதுவும் அறுந்து, ஒரு முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நட்டு கடைசி இரண்டு மரையில் நின்றது, விரலாலேயே சுழன்றது. அது விழுந்திருந்தால் அடுத்த முறை பிரேக்கை அழுத்தும்போது தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, பிரேக் ராடை வளைத்துச் சக்கரத்தையே பூட்டியிருக்கும். ஸ்ப்ளிட் பின் ஒன்றின் விலை சில ரூபாய்தான். கழற்றியதைத் திரும்பப் போடாதீர்கள், மடக்கி நிமிர்த்திய பின் அடுத்த மடிப்பில் உடையும். சக்கரம் கழற்றிய எந்த வேலைக்குப் பிறகும், கடையை விட்டு வண்டியை எடுக்கும் முன் அந்த இடத்தைக் குனிந்து பாருங்கள்.

அறிகுறி: ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் கிடுகிடு சத்தம்

45-லோ 50-லோ வரும், வேகம் கூடினால் மறைந்துவிடும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, அந்தச் சத்தம் வரும் அளவுக்கு ஆக்சிலரேட்டரைத் திருகிப் பிடிக்க ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் ஒவ்வொரு பாகமாகக் கையால் அழுத்துங்கள்: ஹெட்லைட் கவர், ஹாரன், நம்பர் பிளேட், செயின் கவர், மட்கார்டு, பேட்டரி பெட்டி. எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை. சைலன்சர் மூடித் தகட்டை மட்டும் வெறுங்கையால் தொடாதீர்கள், ஒரு மரக்கட்டையால் அழுத்துங்கள்.

இங்கே காணாமல் போவது பெரும்பாலும் எம் 6, அதாவது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் காணாமல் போயிருக்கும், அதைத்தான் விட்டுவிடுகிறோம். பேனலும் சைலன்சர் தகடும் ரப்பர் புஷ்ஷில் உட்காரும் இடங்களில், அந்த ரப்பருக்குள் ஒரு சிறிய உலோகக் குழாய் இருக்கும். காலர் என்பார்கள். போல்ட்டின் இறுக்கம் அந்தக் காலரில்தான் நிற்க வேண்டும், ரப்பர் சும்மா மிதக்க வேண்டும். காலர் விழுந்துபோனால் போல்ட் ரப்பரையே அழுத்துகிறது. ரப்பர் நசுங்கி இறுக்கம் போய்விடுகிறது. நீங்கள் மறுபடி முறுக்குகிறீர்கள், ரப்பர் மறுபடி நசுங்குகிறது. எத்தனை போல்ட் வாங்கிப் போட்டாலும் இது தீராது. காலரும் ரப்பரும் சேர்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் இரும்புக் குழாயிலிருந்து ஒன்று வெட்டிக்கொள்ளலாம். ரப்பரின் தடிமனைவிட ஒரு மயிரிழை நீளம் குறைவாக இருந்தால் போதும்.

அறிகுறி: முறுக்கி வைத்தாலும் வாரா வாரம் லூஸாகிறது

போல்ட் தலையைச் சுற்றிப் பாருங்கள். இரும்பில் செம்பழுப்புப் பொடி, அலுமினியத்தில் கருஞ்சாம்பல் பசை போல ஏதாவது கசிந்திருக்கிறதா? போல்ட் பிடித்திருக்கும் இரண்டு பாகங்களும் ஒன்றன்மேல் ஒன்று உராய்கின்றன என்பதற்கு அதுதான் சாட்சி. தலைக்கு அடியில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தாலும் அதே பொருள்தான்.

போல்ட்டை மிகக் கெட்டியான ஒரு ஸ்பிரிங் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப அது இழுப்பதால்தான் பாகங்கள் ஒட்டி நிற்கின்றன. 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர், இந்தப் பாகங்கள் பக்கவாட்டில் வழுக்கும்போதுதான் போல்ட் வேகமாகக் கழல்கிறது என்று சோதித்துக் காட்டினார். அந்தச் சோதனைமுறையில் வைத்துப் பார்த்தால் நாம் நம்பும் ஸ்பிரிங் வாஷர் பெரிதாக உதவுவதில்லை. ஆகவே ஸ்பிரிங் வாஷர் மேல் ஸ்பிரிங் வாஷராகப் போடுவதை விட்டுவிட்டு, ஏன் வழுக்குகிறது என்று பாருங்கள்.

பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே தடித்த பெயிண்ட் இருந்தால் அது நசுங்க நசுங்க இறுக்கம் குறையும். தொடும் இடத்தில் மட்டும் சுரண்டுங்கள். பிராக்கெட் வளைந்து, போல்ட்தான் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது என்றால், முதலில் பிராக்கெட்டை நிமிர்த்துங்கள். போல்ட்டைப் போடாமல் வைத்தாலே ஓட்டைகள் நேர்கோட்டில் வர வேண்டும். ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் பெரிய வாஷர் தற்காலிகம்தான், வெல்டிங் வைத்து மறுபடி துளையிடுவதே சரி.

இதெல்லாம் சரியாக இருந்தும் லூஸானால் லாக்டைட், மரையைப் பூட்டும் பசை. நீல நிறம், 243. முறைதான் முக்கியம். போல்ட்டையும் ஓட்டையையும் பெட்ரோலில் கழுவி எண்ணெய்ப் பசை போக நன்றாகக் காயவிடுங்கள். மரை பிடிக்கும் பகுதியில் ஒரே ஒரு துளி. முறுக்கி முடித்த பிறகு அசைக்காதீர்கள். காற்றுப் படாமல் உலோகத்துக்கு நடுவே இருக்கும்போதுதான் அது இறுகும், முழுப் பலம் வர 24 மணி நேரம் ஆகும். சிவப்பு நிறத்தை வீட்டு வேலைக்கு வாங்க வேண்டாம். அதைக் கழற்றப் போல்ட்டைச் சுமார் 250 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் பேனல் பக்கம் எந்த லாக்டைட்டும் படக்கூடாது, பிளாஸ்டிக் வெடிப்பு விடும்.

அறிகுறி: புது போல்ட் இரண்டு சுற்றில் நின்றுவிடுகிறது, அல்லது உள்ளே ஆடுகிறது

மரை மாறிவிட்டது. ஸ்பேனரை வைத்து ஒரு சுற்றுகூடத் தள்ளாதீர்கள். எந்த போல்ட்டும் முதல் நான்கைந்து சுற்று விரலாலேயே போக வேண்டும்.

எம் 6 என்றால் விட்டம் 6 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1. எம் 8-க்கு 1.25. குழப்பம் எம் 10-ல்தான். சாதாரண ஹார்டுவேர் கடையில் எம் 10 கேட்டால் 1.5 இடைவெளி உள்ளதைத் தருவார்கள். ஜப்பானிய வழியில் வந்த நம் வண்டிகளில் பெரும்பாலும் 1.25. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: பழைய போல்ட்டையும் புது போல்ட்டையும் பக்கம் பக்கமாக, மரைக்குள் மரை பொருந்தும்படி ஒட்டிப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். ஒரே மரை என்றால் சீப்புப் பற்கள் போலக் கோத்து நிற்கும், இடையில் வெளிச்சம் வராது. மாறியிருந்தால் நான்காவது ஐந்தாவது பல்லிலேயே இடைவெளி தெரியும். பழைய போல்ட் விழுந்துபோயிருந்தால், வண்டியில் அதே வரிசையில் இருக்கும் இன்னொன்றைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள்.

பழைய புல்லட்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய கூட்டு நிறுவனம் திருவொற்றியூரில் செய்த வண்டி இது. வரைபடம் ஆங்கிலேயருடையது என்பதால் மரையும் அங்குலக் கணக்கு. வார்ப்பிரும்பு எஞ்சின் இருந்த காலம் வரை பல இடங்களில் அது தொடர்ந்தது. இதில் ஒரு பொறி இருக்கிறது. கால் அங்குல நுண்மரையில் அங்குலத்துக்கு 26 மரை, அதாவது இடைவெளி 0.98 மில்லிமீட்டர். எம் 6-ன் இடைவெளி 1. ஏறக்குறைய ஒன்றுதான்! ஆனால் விட்டம் 6.35. ஆகவே கால் அங்குல ஓட்டையில் எம் 6 போல்ட் சுகமாக உள்ளே போகும், கொஞ்சம் ஆடும், "மரை தேய்ஞ்சிருக்கு" என்று நினைக்க வைக்கும். இறுக்கும்போது மரையின் நுனியை மட்டும் பற்றி அதைச் சீவிவிடும். நன்றாக இருந்த ஓட்டை அதோடு போச்சு. புல்லட்டில் போல்ட் ஆடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அங்குலத்தை. சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளில் அதே வண்டியின் போல்ட்டைத் தேடிப் பார்க்கலாம்.

மரை சரியாக இருந்தாலும் நீளம் பாருங்கள். அடி மூடிய ஓட்டையில் நீளமான போல்ட் அடியில் முட்டிவிட்டால் இறுகியது போல இருக்கும், ஆனால் மூடி இறுகாது. மேலும் முறுக்கினால் கேசிங் வெடிக்கும். எஞ்சின் கவரைக் கழற்றும்போது ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை குத்தி, போல்ட்டுகளை அதில் செருகி வைத்துவிடுங்கள். எது நீளம் எது குட்டை என்று யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று: யமஹா வண்டிகள் பலவற்றில் வலது கண்ணாடிக்கு இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். அது சிக்கியதாக நினைத்து மல்லுக்கட்டியவர்கள் நிறைய பேர்.

அறிகுறி: சுற்றிக்கொண்டே போகிறது, இறுகவே இல்லை

மரை போய்விட்டது. எதன் மரை என்று பார்க்க போல்ட்டை வெளியே எடுங்கள். அதன் மரைக்குள் வெள்ளி நிறச் சுருள் சிக்கியிருந்தால் போனது அலுமினிய ஓட்டையின் மரை. போல்ட்டின் மரையே மழுங்கியிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், போல்ட்டை மட்டும் மாற்றினால் போதும்.

ஓட்டையின் மரை போயிருந்தால், ஒரு தீக்குச்சியை உள்ளே விட்டு ஆழம் பாருங்கள். பழைய போல்ட் எட்டாத ஆழத்தில் நல்ல மரை மிச்சம் இருந்தால், 5 மில்லிமீட்டர் நீளம் கூடிய போல்ட் காப்பாற்றிவிடும். அலுமினியத்தில் விட்டத்தின் ஒன்றரை மடங்கு ஆழமாவது மரை பிடிக்க வேண்டும், எம் 6 என்றால் 9 மில்லிமீட்டர். இல்லையென்றால் ஹெலிகாயில். பழைய மரையை 6.3 டிரில்லால் எடுத்துவிட்டு, அதற்கென்று வரும் டேப்பால் புது மரை வெட்டி, எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே திருகி வைப்பது. ஒழுங்காகச் செய்தால் முதலில் இருந்ததைவிடப் பலமாக நிற்கும். டிரில்லை நேராகப் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கை நடுங்குமென்றால் லேத் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். டெஃப்லான் டேப் சுற்றுவது, எம்-சீல் அடைப்பது, நாரை வைத்துத் திணிப்பது எதுவும் வேண்டாம். பின்னால் வரும் சரியான வேலையையும் அவை கெடுத்துவிடும்.

எஞ்சின் ஆயில் டிரெயின் போல்ட்டில்தான் இது அதிகம் நடக்கிறது. கசிவு நிற்கவில்லை என்று ஒவ்வொரு சர்வீஸிலும் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறார்கள். கசிவுக்குக் காரணம் நசுங்கிய வாஷர். ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் போட்டால் போல்ட்டை அப்படி முறுக்க வேண்டிய தேவையே வராது.

எவ்வளவு முறுக்குவது? சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவே கடைசி வார்த்தை. பொதுவாக 8.8 தரப் போல்ட்டுக்கு (பலத்தைச் சொல்லும் இந்த எண் தலையில் பொறித்திருக்கும்) எம் 6 என்றால் 10 நியூட்டன் மீட்டர், எம் 8 என்றால் 25, எம் 10 என்றால் 50-ஐ ஒட்டி. முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் இப்படி மனதில் வையுங்கள்: 12 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 8 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் என்ன இழுவையோ, அதுதான் எம் 6-க்கு. அவ்வளவுதான். உள்ளங்கை முழுவதையும் போட்டு இழுக்கும் போல்ட் இல்லை அது.

அறிகுறி: தலை மழுங்கிவிட்டது, அல்லது உடைந்து நிற்கிறது

பழைய ஆர்.எக்ஸ் 100 போன்ற வண்டிகளின் எஞ்சின் கவரில் இருக்கும் பிளஸ் ஸ்குரூக்களில் இது சகஜம். ஸ்குரூடிரைவரை வைத்ததும் முதலில் அதன் பிடியில் சுத்தியால் இரண்டு தட்டு தட்டுங்கள். ஒட்டிய மரை அந்த அதிர்வில் விடும். பிறகு அழுத்தமாகத் திருப்புங்கள். அசையாவிட்டால் இம்பேக்ட் டிரைவர், சுத்தியால் அடித்தால் தானே திரும்பும் கருவி. தலை முழுக்க மழுங்கியிருந்தால் கூர் உளியை ஓரத்தில் சாய்த்து வைத்துக் கழலும் திசையில் தட்டலாம். உடைந்து உள்ளே நின்றதை, அதில் துளையிட்டுத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் கொண்டு எடுக்கும் முன் யோசியுங்கள். அது உள்ளே உடைந்தால் டிரில்லும் போகாது. கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, சூடு தணிவதற்குள் திருப்புவது நல்ல வழி.

அறிகுறி: பிரேக் பிடித்தால் ஹேண்டிலில் 'டக்'

முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரலை ஹேண்டிலுக்குக் கீழே, சட்டமும் ஃபோர்க்கும் சந்திக்கும் விளிம்பில் வையுங்கள். அங்கே அசைவு தெரிந்தால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், லூஸ். அசைவு இல்லை, சத்தம் மட்டும் கீழேயிருந்து வருகிறது என்றால் காலிப்பர் போல்ட்டையும் முன் ஆக்சிலையும் பாருங்கள். கோன்செட்டை இறுக்கியபின் முன் சக்கரத்தைத் தூக்கிவைத்து ஹேண்டிலை லேசாகத் தட்டினால், அது தன் எடையிலேயே இரண்டு பக்கமும் விழ வேண்டும். நடுவில் ஒட்டி நின்றால் இறுக்கம் அதிகம்.

அறிகுறி: எஞ்சின் முன்னால் 'பட் பட்' என்று காற்று வெடிக்கும் சத்தம்

சைலன்சர் குழாய் எஞ்சினில் சேரும் இடத்து நட்டுகள். எஞ்சின் ஆறிய பிறகே தொடுங்கள். இங்கே நைலாக் நட்டு கூடாது, அதன் பிளாஸ்டிக் வளையம் 120 டிகிரிக்கு மேல் தாங்காது. நீல லாக்டைட்டும் அந்தச் சூட்டில் நிற்காது. புது கேஸ்கட், செம்பு பூசிய நட்டு. வரிசையும் முக்கியம்: எல்லா நட்டுகளையும் விரலால் மட்டும் போட்டுவிட்டு, எஞ்சின் பக்கத்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பின் பிராக்கெட்டைக் கடைசியில் இறுக்க வேண்டும். பிராக்கெட்டை முதலில் இறுக்கினால் குழாய் கோணலாக இழுத்துக்கொண்டே இருக்கும், அடுத்த மாதம் எஞ்சினில் பதித்த ஸ்டட் (நட்டு ஏறும் தலையில்லாத போல்ட்) உடையும்.

கடையில் வாங்கும்போது

தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் பொறிக்காத போல்ட் நம்பர் பிளேட்டுக்குப் போதும், பிரேக்குக்கும் எஞ்சின் மவுண்டிங்குக்கும் ஆகாது. கழற்றிய போல்ட்டில் 10.9 இருந்தால் அங்கே 10.9-ஐயே போடுங்கள். பளபளப்புக்காக எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கும் ஆசை பலருக்கு உண்டு. வழக்கமான ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட் 8.8-ஐவிடச் சீக்கிரம் நீண்டுவிடும். அதோடு உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் அலுமினியத்தோடு சேர்ந்தால் அந்த ஓட்டையை அரித்து ஒட்டிக்கொள்ளும். பேனலுக்குப் போடுங்கள், மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவிப் போடுங்கள். பிரேக் பக்கம் வேண்டாம்.

ஸ்பேனர் கணக்கும் உண்டு. வண்டியோடு வரும் எம் 8 போல்ட்டுக்குப் பெரும்பாலும் 12 நம்பர், எம் 10-க்கு 14. ஹார்டுவேர் கடை எம் 8-க்கு 13, எம் 10-க்கு 17. கடைப் போல்ட்டைப் போட்டிருந்தால் அந்த ஸ்பேனரையும் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுங்கள். வழியில் கழன்றால் டூல் கிட்டில் இருக்கும் 12 அதில் பிடிக்காது.

புதிதாகப் போட்ட எந்த போல்ட்டையும் முதல் 100 கிலோமீட்டர் ஓடி, எஞ்சின் ஆறிய பிறகு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். லாக்டைட் போட்டதை மட்டும் விட்டுவிடுங்கள், திருப்பிப் பார்த்தால் பிடிப்பு உடையும். சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் வெள்ளைப் பெயிண்ட் மார்க்கரால் நட்டின் மேலிருந்து சட்டம் வரை ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நட்டு கால் சுற்று திரும்பினாலும் கோடு முறிந்து தெரியும். என் இரண்டு வண்டிகளிலும் ஆக்சிலிலும், காலிப்பரும் டார்க் ஆர்மும் இருக்கும் இடங்களில் அவற்றிலும் அந்தக் கோடு இருக்கிறது. காலையில் சாவியைப் போடும் முன் ஒரு பார்வை பார்த்தால் போதும், ஸ்பேனரே வேண்டாம்.